வெட்டுப்படாத காது

மீன் சந்தைக் கூரையில் ஜமீன் என்றொரு கிழட்டுக் கடுவன் பூனை இருந்தது. சந்தையில் எந்தக் குட்டி பிறந்தாலும் "நம்ம ரத்தம்" என்று சொல்லிக்கொள்ளும். குட்டி சாம்பல் நிறம், தான் செம்மஞ்சள் என்பதையெல்லாம் கண்டுகொள்ளாது.

ஒருநாள் பூனைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்யும் வண்டி வந்து, ஜமீனையும் கரியன் என்ற இளம் கடுவனையும் பிடித்துப்போனது. ஆபரேஷன் முடிந்த பூனைக்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டிவிடுவார்கள். கரியன் வெட்டுப்பட்ட காதோடு திரும்பியது. ஜமீனின் காதுகள் முழுசாக இருந்தன.

"பார்த்தீங்களா? என்மேல கத்தி வைக்க எவனுக்கும் துணிச்சல் வரலை!" என்று ஜமீன் மீசையைச் சிலிர்த்தது.

வெள்ளச்சி என்ற தாய்ப்பூனை கரியனைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டது: "உள்ளே என்னடா நடந்துச்சு?"

"டாக்டர் பெரியவரை அடியில தடவிப் பார்த்தாரு அக்கா. 'வயசாயிடுச்சு, ரெண்டும் சுருங்கி வத்திக் கிடக்கு. இதை அறுக்கிறது வீண் வேலை, விட்டுடுங்க'ன்னுட்டாரு."

வெள்ளச்சி சிரிக்கவில்லை. கடித்துக் கொன்றுவிடும் என்று எந்தக் கடுவனையும் குட்டிகள் பக்கம் அண்டவிடாத அது, தன் மூன்று சாம்பல் குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விவந்து ஜமீனின் வயிற்றோரம் போட்டது.

"கொஞ்சம் பார்த்துக்குங்க பெரியவரே. மீன் தலை தேடிட்டு வந்துடறேன்."

"போ, போ. அப்பன்கிட்ட பிள்ளைங்களை விட்டுட்டுப் போக என்ன பயம்?"

"ஆமாமா, இனிமே என்ன பயம்!" என்று வெள்ளச்சி குதித்து இறங்கியது.

குட்டிகள் பால் தேடி ஜமீனின் வயிற்றை முட்டத் தொடங்கின.