கர்னல் சொன்ன பெயர்

"கர்னல் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? 'நான் சொல்ற பேரையே என் குத்தகைக்காரங்க பன்னிரண்டு பேரும் சொல்லணும்'னு. வீராப்பா எதையாவது உளறிட்டு வந்து நிக்காதீங்க!"

டார்கஸ் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஜெத்ரோ தொப்பியை எடுத்தான்.

சட்டசபை உறுப்பினர் காய்ச்சலில் போய்ச் சேர, வர்ஜீனியாவின் அந்த வட்டாரத்தில் திடீர் இடைத்தேர்தல். நிற்பது இரண்டே பேர். ஒருவர் நிலச்சொந்தக்காரர் கர்னல் பெவர்லி. ஜெத்ரோவுக்குப் பிறகும் நிலம் குடும்பத்தின் கையில் இருக்க, அவர்தான் குத்தகைப் பத்திரத்தில் மகன் பெயரை ஏற்ற வேண்டும். இன்னொருவர் மாவுமில் ஹைரம். போன வெள்ளத்தில் ஓடையோடு போன அதே மகனை, தலைமுடியைப் பிடித்திழுத்துக் கரை சேர்த்தவர்.

"ஹைரம் இல்லேன்னா, பேரை ஏத்த பையன் ஏதுடி?"

"நிலம் இல்லேன்னா அந்தப் பையன் எதைத் தின்பான்?"

தயங்கித் தயங்கி அவன் நீதிமன்ற வாசலை அடைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மற்ற பதினொரு குத்தகைக்காரர்களும் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு மரத்தடியில் நின்றிருந்தார்கள்.

மேஜைக்குப் பின்னால் தேர்தலை நடத்தும் அதிகாரியான ஷெரீப், அவருக்கு இருபுறமும் வேட்பாளர்கள். அந்தக் கால வழக்கப்படி, யாருக்கு ஓட்டு என்பதை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் நன்றி சொல்லலாம், வேறெதற்கும் வாய் திறக்கக் கூடாது. கர்னலின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாருக்குப்பா உன் ஓட்டு?" என்றார் ஷெரீப்.

ஓடைக்கரையில் நடுங்கிக் கிடந்த மகனின் முகம் நினைவுக்கு வந்தது.

"ஹைரமுக்கு!"

"ரொம்ப நன்றி, ஜெத்ரோ" என்று எழுந்து நின்று சொன்னார் ஹைரம். கர்னல் பல்லைக் கடித்தார்.

மாலையில் ஹைரம் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். கர்னல் நேராக மரத்தடிக்கு வந்தார். ஜெத்ரோ கையிலிருந்த தொப்பியைக் கசக்கினான். போச்சு, எல்லாம் போச்சு!

"நன்றி கெட்டவனுங்களா! பன்னிரண்டு பேருமாடா?"

பன்னிரண்டு பேருமா? ஜெத்ரோ திரும்பிப் பார்த்தான். வயதில் மூத்த குத்தகைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

"நீங்க சொன்ன பேரைத்தானேய்யா நாங்களும் சொன்னோம்? காலையில மொத ஆளா ஹைரமுக்கு ஓட்டுப் போட்டது நீங்கதானே!"

"அட மடையனுங்களா! வேட்பாளர் தன்னோட ஓட்டை எதிராளிக்குப் போடறது பெரிய மனுஷங்களுக்குள்ள ஒரு மரியாதைடா!"

ஜெத்ரோ சட்டென்று ஓரடி முன்னால் வந்தான்.

"நானும் உங்க உத்தரவுப்படிதாங்கய்யா சொன்னேன். பத்திரத்துல பையன் பேரை எப்ப ஏத்தலாம்?"