சிவப்புச் சீட்டு சீஸ்

பண்ணைக் கடையின் குளிர்பெட்டியில் பச்சைச் சீட்டு ஒட்டிய சீஸ்களுக்கு நடுவே ஒரு வரிசை மட்டும் சிவப்புச் சீட்டு. ‘ஆர்கானிக் அல்ல’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

நோர்மாவுக்குச் சுருக்கென்றது. வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எத்தனையோ பண்ணை இருக்க, பத்து வருடமாகப் பக்கத்து வீட்டுக்கார கிளைட்டிடம்தான் வாங்குகிறாள்.

“என்ன கிளைட் இது?”

“படிக்கத் தெரியாதா டீச்சரம்மா?”

“நக்கலா?”

“என் பசங்களுக்கு நீதானே பாடம் எடுத்த? கார்பன் சேர்மம்னா ஆர்கானிக், பெட்ரோல்கூட ஆர்கானிக்னு. அப்படிப் பாத்தா இதுல போட்ட உப்புதான் ஆர்கானிக் இல்ல.”

“அது வகுப்புல. கடையில ஆர்கானிக்னா ரசாயன உரம், மருந்து எதுவும் படாததுன்னு அர்த்தம். வெளியில மலிவா பால் வாங்கிக் கலக்கறியா?”

“என் மாட்டுப் பால்தான்.”

“அப்ப மாட்டுக்கு என்னத்தக் குடுத்த?”

“பென்சிலின்.”

“உன்னைப் போய் நம்பினேன் பாரு.”

கூடையில் இருந்த பச்சைச் சீட்டு சீஸையும் குளிர்பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். இவனுக்கும் பேராசை வந்துவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கிளைட் பின்னாலேயே வந்தான். “ஜோசிக்குப் போன மாசம் மடி வீங்கி ஜுரம். மூணு நாள் தலையே தூக்கல. ஊசி போட்டேன்.”

தொழுவத்தில், மற்ற மாடுகளை விட்டுத் தள்ளி, ஜோசி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நோர்மாவின் குரல் இறங்கியது. “மருந்து இந்நேரம் உடம்பை விட்டுப் போயிருக்குமே.”

“போயிடுச்சு. பாலைச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சீஸ் போடறேன். ஆனா சட்டப்படி ஒரு ஊசி போட்டாலும் அவ பால் ஆயுசுக்கும் ஆர்கானிக் இல்ல. தனியாக் கறந்து, தனியா சீஸ் போட்டு, சிவப்புச் சீட்டு ஒட்டி வெக்கறேன். ஒருத்தரும் தொடல.”

நோர்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நான் எடுத்துக்கறேன், விடு. ஆனா எதுக்கு இந்தப் பாடு? ஊசி போட்ட மாட்டை எல்லாரும் ஏலத்துக்குத்தானே அனுப்பிடறாங்க?”

கிளைட் ஜோசியின் கழுத்தைச் சொறிந்துவிட்டான். அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

“பன்னெண்டு வயசு மாட்டை ஏலத்துல யாரு எடுப்பா நோர்மா? கறிக்காரன்தான்.”