கை நிறைய நுரை

"வாங்க மகாராஜா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

வாசலில் நின்ற மெக்கானிக்கை அப்பா இப்படித்தான் வரவேற்றார். வலது கையில் ஒரு போன், இடது கையில் இன்னொரு போன்.

"பாத்திரம் கழுவுற மெஷின் வாங்கினதே என் நேரம் மிச்சமாகணும்னுதான். இப்ப என்னடான்னா, ஆபீஸ்ல அத்தனை பேரை வேலை வாங்குறவன் வீட்டுல நின்னு அடிப்பிடிச்ச சட்டியைச் சுரண்டிக்கிட்டு இருக்கேன். இதுக்கு யார் பதில் சொல்றது?"

"பார்த்துடறேன் சார்."

"இவர் புலம்பல் தாங்காமத்தான் நானே கம்பெனிக்குச் சொல்லி வச்சேன். முதல்ல அவரை உள்ளே விடுங்க" என்றாள் அம்மா.

போன் அடித்தது. யாரையோ வறுத்தெடுத்தபடி அப்பா அறைக்குள் போய்விட்டார். அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

மெக்கானிக் சமையலறையில் மெஷினை வெளியே இழுத்தார். பின்னால், அதற்குத் தண்ணீர் வரும் சின்னக் குழாய் இறுக்கி மூடியிருந்தது.

"அட, இவ்வளவுதானா!"

ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க, குழாயைத் திறந்துவிட்டு சுவிட்சில் கை வைத்தார். பின்னால் யாரோ கதவைச் சாத்தும் சத்தம். பத்தாவது படிக்கும் மகள்.

"அண்ணா, ப்ளீஸ். ஓட விடாதீங்க."

"ஏம்மா, இதை மூடினது நீதானா?"

அவள் நகத்தைக் கடித்தபடி தலையாட்டினாள்.

"அப்பா கால் கடுக்க நின்னு பாத்திரம் தேய்க்கிறாரு. உனக்கு விளையாட்டா இருக்கா?"

"முன்னாடியெல்லாம் சாப்பிட்டதும் தட்டை மெஷின்ல போட்டுட்டு ஆளுக்கொரு ரூமுக்குப் போயிடுவோம். அப்பா எங்கிட்டப் பேசுறதே 'சார்ஜர் எங்கே?'ன்னு கேக்கத்தான். இப்ப அப்பா தேய்ப்பாரு, அம்மா அலசுவாங்க, நான் துடைப்பேன். அவருக்குக் கை நிறைய நுரை இருக்குல்ல, போன் அடிச்சாலும் எடுக்க முடியாது. 'கத்தட்டும் விடு'ங்கறாரு. நேத்து பாட்டு வேற பாடினாரு! சுருதியே கிடையாது. அம்மா சிரிச்ச சிரிப்புல தட்டு நழுவி உடைஞ்சே போச்சு."

சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"கணக்குல நான் கோட்டை விட்டதைக்கூட அங்கே வச்சுத்தான் சொன்னேன். திட்டவே இல்லை. 'நானும் அப்படித்தான் இருந்தேன்'னு சொல்லிட்டு, ஒரே கரண்டியை ரொம்ப நேரம் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு."

அவள் சுவிட்சைப் பார்த்தாள். "மெஷின் ஓடிச்சுன்னா எல்லாம் பழையபடி ஆயிடும், அண்ணா."

மெக்கானிக் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, திறந்த குழாயை மறுபடி மூடினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். "என்னாச்சு? ஓடுதா?"

"உள்ளே ஒரு பார்ட் போயிடுச்சு சார். கடையில கிடைக்காது, வரவழைக்கணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா!" வீடே அதிர்ந்தது. "அதுவரைக்கும் நான் தேய்ச்சே தேயணுமா? இதெல்லாம் ஒரு கம்பெனி, இதுக்கொரு சர்வீஸ்!"

மகள் பாத்திரம் துடைக்கும் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"வெளியே வாங்க, பேசிக்கறேன். உங்க மேனேஜர் நம்பரைக் கொடுங்க முதல்ல!"

வழி நெடுகத் திட்டிக்கொண்டே அப்பா அவரை வாசல் கேட் வரை கொண்டுபோய் விட்டார். அங்கே நின்று ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

"என்னப்பா நீ! காலையில போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே... ரெண்டு மாசம்னுதானே சொல்லச் சொன்னேன்?"