பூ விழுந்த தட்டு

மாலை நாலரை மணி. அடுத்த ஊசி ஆறு மணிக்கு.

ஆய்வுக்கூடத்தில் அவள் மருந்துக் குப்பியைச் சாய்த்துப் பார்த்தாள்.

மஞ்சள் நீர் ஒரு பக்கமாக ஓடி மூலையில் நின்றது. ஒரு ஊசிக்கு வரும். வராமலும் போகலாம்.

குப்பியைப் பனிக்கட்டிக்குள் திரும்பச் செருகினாள்.

மேசைமேல் கிருமி வளர்க்கும் அந்தக் கண்ணாடித் தட்டு இருந்தது. காலையில் பார்த்தாள். மதியம் பார்த்தாள். இப்போதும் பார்த்தாள்.

நடுவில் பச்சைப் பூசணம். அதைச் சுற்றி எப்போதும் ஒரு வளையம் இருக்கும். கிருமிகள் செத்துத் தெளிந்த இடம். முதலில் அது கட்டைவிரல் அகலம் இருந்தது. போன வாரம் ஒரு கீற்று.

இன்று வளையம் இல்லை.

கிருமிகள் பூசணத்தின் ஓரம்வரை வந்து அதைத் தொட்டுக்கொண்டிருந்தன.

பூசணம் செழிப்பாகத்தான் இருந்தது. மருந்து செய்வதைத்தான் மறந்துவிட்டது.

அந்தப் பூசணம் தானாக வந்தது. அவள் தேடவில்லை.

போன ஆயுத பூஜையன்று, ஆய்வுக்கூடச் சிப்பந்தி சிங்காரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். தராசுக்கு. மைக்ராஸ்கோப்புக்கு. கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டிக்கு. பெட்டியின் சுவிட்சையும் அணைத்துவிட்டார்.

"வருசம் பூரா வேவுது. ஒரு நாளு தூங்கட்டுமேம்மா."

தட்டுகளையும் அவர் விடவில்லை. அவையும் ஆயுதம்தானே. வெளியே எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாமந்தி வைத்தார்.

பூஜை விடுமுறை முடிந்து ஒரு வாரம் கழித்து வந்து அவள் கத்தினாள். வளர்த்த கிருமியெல்லாம் பாழ். கழுவப் போடுவதற்காகத் தட்டுகளை அள்ளியபடியே திட்டினாள். ஒரு தட்டின் மூடி நகர்ந்திருந்தது. உள்ளே ஒரு இதழ் விழுந்திருந்தது. இதழின் ஓரத்தில் பச்சை.

பச்சையைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

திட்டு பாதியில் நின்றுபோனது.

அன்றிலிருந்து சிங்காரம் அதைப் பூ மருந்து என்றார். "பாதி மருந்து என்னுது டாக்டரம்மா. பேரு போடும்போது மறந்துடாதீங்க" என்று சிரிப்பார்.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் அவருடைய மகள் தெய்வானைக்குக் காய்ச்சல் கண்டது. கிருமிக்கு அப்போது இருந்த ஒரே மருந்தான சல்பா மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. வார்டு டாக்டர் கையை விரித்தார்.

சிங்காரம் இவளிடம் வந்து நின்றார். பனிப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எலிகளுக்குப் பிறகு முதல் மனித உடல் அது.

முதல் ஊசி போட்டபோது, கொன்றுவிடுவோமோ என்று பயந்தாள்.

இப்போதைய பயத்துக்கு முன் அந்தப் பயம் சின்னது.

காய்ச்சல் இறங்கியது. நேற்று தெய்வானை பிள்ளையைக் கேட்டாள். இன்று காலை பனிக்கட்டி மாற்ற வந்த சிங்காரம், "கருவாட்டுக் கொழம்பு வேணுங்குதும்மா. குடுக்கலாமா?" என்றார்.

கொடுங்கள் என்றாள்.

மருந்து உடம்பில் தங்குவதில்லை. சிறுநீரில் போய்விடுகிறது. அதனால் சிங்காரம் மகளின் சிறுநீரைத் துணி சுற்றிய சீசாவில் கொண்டுவருவார். ஏன் என்று கேட்டதில்லை. அவள் அதிலிருந்து மருந்தைத் திரும்பப் பிரித்தெடுப்பாள். ஒவ்வொரு தடவையும் குறைவாகக் கிடைத்தது.

குப்பியில் இருப்பது அப்படிக் கிடைத்ததுதான்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எலிகளில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள்.

அவை நன்றாகத் தின்றன. கூண்டுக்குள் ஓடின. ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடின.

பிறகு ஒரு காலையில் கூண்டு சத்தமில்லாமல் இருந்தது.

வராந்தாவில் காலடி கேட்டது.

சிங்காரம் வந்தார். கையில் மூங்கில் கூடை. கூடை நிறையச் சாமந்தி. குளித்திருந்தார். நெற்றியில் திருநீறு ஈரம் காயவில்லை.

காலையில் பனிக்கட்டி மாற்றும்போது குப்பி தீரப்போவதை அவர் பார்த்திருப்பார். அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தராசுக்குச் சந்தனம் வைத்தார். மைக்ராஸ்கோப்புக்கு வைத்தார். சூட்டுப் பெட்டியின் கதவில் வைத்தார்.

சுவிட்சை அணைத்தார்.

பெட்டிக்குள் நாளைய சோதனைக்கான தட்டுகள் இருந்தன. அவற்றை வெளியே எடுத்தார். மேசையில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ.

அவள் தடுக்கவில்லை.

ஒரு தட்டின் மூடியை மட்டும் விரலால் லேசாக நகர்த்தினார். ஒரு இதழைக் கிள்ளி உள்ளே போட்டார். தள்ளி நின்று பார்த்தார். போதவில்லை போலும். இன்னொரு மூடியை நகர்த்தினார்.

பூசணம் வர நாளாகும். வந்தாலும் எந்தப் பூசணமோ.

சுவர்க் கடிகாரம் ஐந்தடித்தது.

சிங்காரம் கூடையைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வந்து அவள் எதிரில் நின்றார்.

"பூக்கடையில அதே கெழவிகிட்டதான் வாங்கியாந்தேன். எல்லாம் அன்னிக்கி மாதிரியே வச்சுட்டேன்மா. நீங்க அன்னிக்கித் திட்டுனீங்களே... அதையும் ஒருவாட்டி திட்டிடுங்கம்மா."