இடப்பக்க மேளம்

சிபி விளையாட்டு எந்திரத்தில் இடப்பக்க மேளத்தின் குச்சிகளை எடுத்துவிட்டான்.

அவளுக்கு வலப்பக்க மேளம்தான் மிச்சம்.

இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் என்பான். அந்த ஏனுக்கு இன்று பதில் சொல்லக் கூடாது. காரில் வரும்போதே அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பள்ளியில் படிக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்தது. இடது காது மட்டும் திரும்பி வரவில்லை.

பார்த்தால் தெரியாது. இன்னொரு காதுதான் நன்றாகக் கேட்கிறதே, சொல்லி எதற்கு வீணாக என்பது அம்மாவின் கட்சி. முன்பு வந்த ஒரு வரன் வீட்டார், விஷயம் தெரிந்த பிறகு போனையே எடுக்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்தக் கட்சி.

மாலின் ஃபுட் கோர்ட்டில் அம்மா அவளை வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தாள். எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தனியாகப் போய்ப் பேசட்டும் என்று சிபியின் அம்மாதான் அனுப்பிவைத்தாள்.

சிபிக்குப் பேச்சு வரவில்லை. விளையாட்டு எந்திரங்கள் பக்கம் கூட்டிவந்து கார்டைத் தேய்த்தான்.

திரையில் வட்டங்கள் வரத் தொடங்கின. சிவப்பு வந்தால் மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும். நீலம் வந்தால் விளிம்பில்.

ஏதோ ஜப்பான் பாட்டு. சிபி காலால் தாளம் போட்டபடி அடித்தான். ஒரு பக்கம் கார்ப் பந்தயம், ஒரு பக்கம் துப்பாக்கிச் சத்தம். பாட்டு அதில் அமுங்கி அமுங்கி வந்தது. தாளத்தைத் தேடுவதற்குள் வட்டம் அவனைத் தாண்டிப் போனது.

அவள் பாட்டைத் தேடவே இல்லை.

வகுப்பு இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பாடம் படித்தவள் அவள். வட்டம் கோட்டைத் தொட்டது, அடித்தாள். சிவப்பு. சிவப்பு. நீலம். கை தானாகப் போயிற்று. குச்சியின் அதிர்வு முழங்கை வரை ஏறியது. தன்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

பாட்டு முடிந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

வந்தபோது இருந்த முகம் அவனிடம் இல்லை.

"நல்ல காதுங்க உங்களுக்கு," என்றான். "ஒரு அடிகூட தப்பலீங்க."

மரியாதைக்குச் சிரித்தான். குச்சிகளை அவற்றின் இடத்தில் வைத்தான். போகலாமா என்று ஃபுட் கோர்ட் பக்கம் கை காட்டினான்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். கல்லூரி கேன்டீனில் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்று எதையோ சொல்லிவிட்டு, காத்திருந்துவிட்டு, திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துபோகிறவர்களின் முகம்.

இவன் ஏதோ கேட்டிருக்கிறான்.

இப்படியே விட்டுவிடலாம். தட்டிப்போன இன்னொரு வரன், அவ்வளவுதான். ஏன் தட்டிப்போனது என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் ஒரு பழியும் வராது.

அவள் குச்சிகளைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு இந்தக் காது கேக்காதுங்க," என்றாள். "நீங்க என்னமோ கேட்டீங்களா?"

சிபி அவளுக்குப் பின்னால் சுற்றிவந்து வலப்பக்கம் நின்றான்.

"இதுல உங்களுக்கு விருப்பந்தானான்னு கேட்டேங்க. மூஞ்சியப் பாத்துக் கேக்க வரல. அதான் அடிச்சுக்கிட்டே கேட்டேன். நீங்க திரும்பவே இல்ல."

அவளைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். நட்சத்திரம், படிப்பு, சம்பளம், உயரம். அவளிடம் கேட்டது இவன் ஒருவன்தான்.

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் சிபியின் கண்கள் அவளைத் தாண்டிப் போயின. திரும்பினாள். அவன் அம்மா இடப்பக்கம் வந்து நின்றிருந்தாள். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது தெரிந்தது.

"இந்தப் பக்கம் வந்து பேசுங்கம்மா," என்றான் சிபி. "அவங்களுக்கு அந்தக் காது கேக்காது."

காபி ஆறிப்போச்சு என்று சொல்வது மாதிரிதான் சொன்னான்.

அந்த அம்மாளின் கை சேலைத் தலைப்பிலேயே நின்றுவிட்டது. பெண்ணின் காதைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு இரண்டு மேளங்களையும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள்.

"இதச் சொல்ல வேண்டாம்னு உன்கிட்ட யாரு கண்ணு சொன்னது?"

தூரத்தில் அவள் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானாத்தாங்க அத்தை," என்றாள் அவள். "யாரும் சொல்லலீங்க."

அத்தை என்று தன்னையறியாமல் வந்துவிட்டது.

அந்த அம்மாள் ஃபுட் கோர்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போயி உங்கம்மாகூட உக்காந்திருக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டே வாங்க."

கோபமா, இல்லையா என்று முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சிபி நின்ற இடத்திலேயே நின்றான்.

எங்கே இருந்தாலும் ஒரு படி உரக்கப் பேசுவதுதான் அவள் வழக்கம். இப்போது பதிலை மெல்லச் சொன்னாள்.

அந்த இரைச்சலில் அவனுக்கு அது விழவில்லை. குனிந்து, காதைக் கொடுத்தான்.