பாதித் தலை

"எந்தப் படத்தை அனுப்பித் தொலைச்சீங்க? காட்டுங்க" என்று தையல்காரி கணவனின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

பார்த்தாள். கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சி இந்த மனுஷனை ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய், இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கவைத்து எடுத்த படம் இல்லை இது. சின்ன அறைக்குப் பெயின்ட் அடித்த அன்று விளையாட்டாக எடுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். மூக்கு நுனியில் பச்சைப் பெயின்ட். அவனுக்கு நெற்றிக்கு மேல் ஒன்றுமே இல்லை, பாதித் தலையோடு படம் முடிந்துவிட்டது. போதாததற்கு எல்லாமே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"லிஃப்ட் மேல ஏறி வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்மா, கையெல்லாம் கிரீஸ்" என்றான் மெக்கானிக். "இல்லத்து வார்டன் உடனே அனுப்புங்கன்னாங்க. விரல் பக்கத்துப் படத்துல பட்டுடுச்சு."

"சரி, அழிச்சுட்டு நல்லதை அனுப்புங்க."

"குழந்தைகிட்ட காட்டிட்டாங்களாம்."

தையல்காரி மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

குழந்தைக்கு ஏழு வயது. குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறாள். தத்துக் கொடுக்கும் முன் அவளிடமும் சம்மதம் கேட்பது அங்கே வழக்கம். பெரியவர்களுக்கே இல்லாத பிடிவாதம் அவளுக்கு. படத்தைப் பார்த்ததுமே இரண்டு குடும்பங்களை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இரண்டும் வசதியான இடம்.

"அவங்களையே வேண்டாம்னவ நம்மளை இந்தக் கோலத்துல பாத்தா வருவாளா?" என்றாள் தையல்காரி. "எத்தனை வருஷமா காத்துக் கிடக்கோம். ஒத்தை விரல்ல கெடுத்துட்டீங்களே."

"நேர்ல போய், எனக்குத் தலை முழுசாத்தான் இருக்குன்னு காட்டிடலாம், விடு."

"இந்த வாய் மட்டும் இல்லைன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள். ஆனால் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் வார்டன் போனில் கூப்பிட்டார். "காலைல ரெண்டு பேரும் வந்துடுங்க. உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம் அவளுக்கு."

"வேண்டாம்னு சொல்லத்தானே மேடம்?"

"எனக்கே பிடி கொடுக்க மாட்டேங்கறாம்மா. வாங்க, பாத்துக்கலாம்."

இரவு முழுக்க இருவரும் தூங்குவதுபோல் நடித்தார்கள்.

மறுநாள் இல்லத்துப் பார்வையாளர் அறையில், வார்டன் பிரிண்ட் போட்டுக் கொடுத்த அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை உட்கார்ந்திருந்தாள். தரையைத் தொடாத கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

தையல்காரி அவசரமாகப் பையைத் திறந்தாள். "அது தெரியாம வந்துடுச்சு கண்ணு. இதோ, இதுதான் ஸ்டுடியோவுல எடுத்தது. இதுல நல்லா இருப்போம், பாரேன்."

குழந்தை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மடியில் இருந்த படத்தைத்தான் தொட்டுக் காட்டினாள்.

"இதை யாரு எடுத்தா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் எடுக்கல பாப்பா" என்றான் மெக்கானிக். "வீட்ல நாங்க ரெண்டே பேர்தான். பெயின்ட் டப்பா மேல போனைச் சாய்ச்சு வச்சு, டைமர் போட்டுட்டு ஓடி வந்து நின்னோம். அதான் அப்படிக் கோணலா வந்துடுச்சு."

தையல்காரி கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கி வார்டனிடம் போனாள்.

"நான் நினைச்சது சரிதான் ஆன்ட்டி. மத்தவங்களுக்கெல்லாம் ஆள் இருக்கு. இவங்களுக்குப் போட்டோ எடுக்கக்கூட யாருமே இல்ல, பாவம். நான் இவங்களைப் பாத்துக்கறேன்."