மஞ்சள் பூசிய விரிசல்

தானே ஆறிக்கொள்ளும் சுவர் என்று சொல்லித்தான் கடலோரக் குடியிருப்பில் அவர்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். தவமணியும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். விரிசல் விட்டால், ஈரம் பட்டதும் சுவரே சுண்ணாம்பு சுரந்து மூடிக்கொள்ளும். ஆனால் போன புயலில் கட்டிலோரம் விழுந்த விரிசல் மட்டும் வாய் பிளந்தபடியே கிடந்தது. அடுத்த புயலோ கிளம்பிவிட்டது.

கணவன் சிங்காரவேல் குனிந்து பார்த்தான். "என்னடி இது, மஞ்சளா இருக்கு?"

"புண்ணுக்கு மஞ்சள் வைக்காம வேற என்னத்த வைப்பாங்க? தினம் நான்தான் அரைச்சுப் பூசுறேன்."

"அடிப்பாவி, மஞ்சள் கிருமியக் கொல்லும். இந்தச் செவுத்துக்குள்ள இருக்கிற கிருமிதான் சுண்ணாம்பைச் சுரக்குது, அதுதான் இதுக்கு உசுரே."

தவமணி விரிசலோரம் உட்கார்ந்தாள். முந்தானையாலேயே மஞ்சளைத் துடைத்தாள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டாள்.

புயல் வந்து ஆடித் தீர்த்துவிட்டுப் போனது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. விரிசல் இருந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு ஓடியது. துடைத்தும் போகாத மஞ்சளையும் உள்ளே வைத்தே சுவர் மூடிக்கொண்டிருந்தது.

"கொல்லப் பாத்தவளையும் சேத்துல்ல காப்பாத்திருக்கு" என்றாள் தவமணி.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அந்தத் தழும்புக்கும் ஒரு பொட்டு வைத்தாள், வெறும் தண்ணீரில்.